விருந்தினரின் பேச்சும் சங்கத்தாரின் வேலையும்

[கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு நிகழ்த்திய பிரசங்கம்]

கிராமத்தில் ஒரு கூட்டம் நடைபெறுகிறது. பட்டணத்திலிருந்து ஒரு பெரியவர் வருகிறார். அவருக்கு மாலை சூட்டி மேடையில் அமர்த்துகிறார்கள். அவர் ஒரு மணி நேரம் பேசுகிறார். சபையோர் கைதட்டுகிறார்கள். காரியதரிசி வந்தனோபசாரம் கூறுகிறார். வெற்றிலை பாக்கு வழங்கிய பின்னர் எல்லோரும் வீடு திரும்புகிறார்கள். மறுநாள், வந்தவர் என்ன சொன்னார் என்று விசாரித்தால், நன்றாகப் பேசினார் என்பதற்கு மேல் விடை வருவது அரிது.

இதைக்கொண்டு பேச்சினால் பயனே இல்லை என்று முடிவு கட்டிவிடலாகாது. விதை முளைக்காவிட்டால் விதையை மாத்திரம் குறை கூறுவதில் நியாயமில்லை. நிலம் உழப்பட்டிருந்ததா, விதைத்த பின்பு தண்ணீர் பாய்ச்சப்பட்டதா என்றும் பார்க்க வேண்டும். விருந்தினர் வருமுன் சங்கத்தார் செய்ய வேண்டிய வேலை உண்டு. அவர் சென்ற பின் செய்ய வேண்டிய வேலை அதனினும் அதிகம். இவ்வுண்மையை நன்கு விளக்குவது நகரங்களிலே ஏற்பட்ட சேவைக் கழகங்களின் சரித்திரமாகும்.

சேவைக் கழகங்களின் தோற்றம்

அமெரிக்காவிலுள்ள சிக்காகோ நகரத்தில் 1905-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 23-ந் தேதி நான்கு பேர் ஓர் அறையில் கூடினார்கள். பால் ஹாரிஸ் என்ற வக்கீல் ஒருவர், சுரங்க இஞ்சினீயர் ஒருவர், நிலக்கரி வியாபாரி ஒருவர், தையற்காரர் ஒருவர். வெவ்வேறு தொழில் செய்யும் மனிதர்கள் சிநேகமாகக் கூடிப் பேச ஓர் இடம் வேண்டும் என்பதே அவர்களுடைய முதல் எண்ணம். ஒவ்வொருவர் தொழிலிடத்திலும் முறை வைத்துச் சுழன்று கூடியபடியால் அதற்கு ரோட்டரிக் கழகம் என்று பெயர் வைத்தார்கள். இரண்டு வருஷம் கழித்து, 1907-ல், அக்கழகம் ஊருக்காக முதல் வேலையை மேற்கொண்டது. அவ்வேலை யாது? சிக்காகோ நகரத்திற்குப் பொதுக் கழிப்பிடம் வேண்டும் என்று முயன்று அதை ஏற்படுத்துவித்தது. கேட்பதற்குச் சாதாரணமாகத் தோன்றினும், ஊரார் அன்றாடம் படும் கஷ்டம் ஒன்றைக் கண்டு அதனை நீக்கியதே அக்காரியத்தின் பெருமை. சென்னைப் பட்டணத்தில் ரோட்டரிக் கழகம் 1929-ல் ஏற்பட்டது.

அதே சிக்காகோவில் இன்ஷூரன்ஸ் தொழில் நடத்திவந்த மெல்வின் ஜோன்ஸ் என்பவர், 1917-ல் பல ஊர்களின் கழகங்களை ஒன்று சேர்க்க முயற்சி எடுத்துக் கொண்டார். அம்முயற்சியில் தோன்றியது லயன்ஸ் சங்கம். தொடக்கத்திலேயே அச்சங்கத்தார் ஒரு விதி செய்தனர். அங்கத்தினர்களுடைய பண லாபத்தை எந்தக் கழகமும் தன் நோக்கமாகக் கொள்ளக் கூடாது என்பது அவ்விதி.

கூட்டுறவுச் சங்கம் இவ்விஷயத்தில் வேறுபட்டது. கந்துவட்டியினின்று குடியானவனை விடுவிப்பதும், விளைபொருளுக்கு நல்ல விலை கிடைக்கச் செய்வதும், அங்கத்தினர்களின் பொருளாதார நிலையை உயர்த்துவதுமே அதன் கடமை. ஆயினும், உலகக் கூட்டுறவு இயக்கத்தார் 1995-ல் மான்செஸ்டர் நகரத்தில் கூடித் தங்கள் கொள்கைகளைத் திருத்தியபோது, தாங்கள் வாழும் சமுதாயத்தின் நலனில் அக்கறை கொள்வது என்பதனை ஏழாவது கொள்கையாகச் சேர்த்துக் கொண்டனர். ஆகையால் சேவைக் கழகத்தின் முறையைக் கூட்டுறவுச் சங்கத்தார் அறிந்து கொள்வது பிறர் வீட்டுச் சமாசாரத்தை விசாரிப்பதாகாது.

கூட்டம் நடத்தும் முறை

ரோட்டரிக் கழகங்கள் நெடுங்காலம் வாரந்தோறும் கூடிவந்தன. லயன்ஸ் கழகங்கள் பொதுவாக மாதம் இருமுறை கூடுகின்றன. இன்ன தேதியில் இன்னாரை அழைப்பது என்று முன்கூட்டியே தீர்மானிப்பதற்குத் தனியே ஒரு கமிட்டி உண்டு. பெரும்பாலும் விருந்தினருக்குக் கொடுக்கப்படும் காலம் இருபது நிமிஷந்தான். பின்னர் கேள்விகள் கேட்கப்படும். அக்கிராசனர் கடிகாரத்தைப் பார்த்துக் கொண்டிருப்பார். கூட்டம் குறித்த வேளையில் முடிவடையும். ஒவ்வொரு தொழிலைச் சேர்ந்தவரும் கழகத்தில் இருக்க வேண்டும் என்பது ரோட்டரியின் பழைய ஏற்பாடு. ஆதலால் வைத்தியர் பேசும்போது வியாபாரி கேட்கிறார். பள்ளிக்கூட உபாத்தியாயர் பேசும்போது இஞ்சினீயர் கேட்கிறார்.

இம்முறையெல்லாம் வெளித் தோற்றமே. இருபது நிமிஷப் பேச்சு எவ்வளவு தூரம் பயன் தரும் என்பதற்கு 1925-ல் நிகழ்ந்த ஒரு சம்பவம் சிறந்த உதாரணமாகும்.

ஒரு விருந்தினரின் வேண்டுகோள்

ஹெலன் கெல்லர் அம்மையார் 1880-ல் அமெரிக்காவின் அலபாமா மாகாணத்தில் பிறந்தவர். பத்தொன்பது மாதக் குழந்தையாக இருக்கையில் வந்த ஒரு நோயினால் அவருக்குக் கண் பார்வையும் செவிப்புலனும் ஒருங்கே போய்விட்டன. ஏழு வயது நெருங்கும் சமயத்தில், 1887-ல், ஆன் ஸல்லிவன் என்ற இளம் ஆசிரியை அவ்வீட்டிற்கு வந்து சேர்ந்தார். அவ்வாசிரியையும் சிறு வயதில் கண்ணோயினால் பார்வை குன்றியிருந்தவரே. குழந்தையின் ஒரு கையில் தண்ணீரைப் பாயவிட்டு, மற்றொரு கையில் தண்ணீர் என்னும் சொல்லின் எழுத்துக்களை விரலால் எழுதிக் காட்டினார். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெயர் உண்டு என்பதைக் குழந்தை அப்போதுதான் உணர்ந்தது. அக்குழந்தை வளர்ந்து 1904-ல் காலேஜ் பட்டம் பெற்றதை உலகம் வியந்து நோக்கியது.

அவ்வம்மையார் 1925-ம் வருஷம் ஜூன் மாதம் 30-ந் தேதி, ஒஹையோ மாகாணத்தில் ஸீடர் பாயிண்ட் என்னுமிடத்தில் நடந்த லயன்ஸ் மகாநாட்டிற்கு விருந்தினராக வந்தார். அவருடைய பேச்சு சில நிமிஷங்களில் படித்து முடிக்கக்கூடிய அளவினதே. வாய்ப்பு என்பது ஒவ்வொருவர் வாயிலையும் ஒருமுறைதான் தட்டும் என்று எடுத்துக் கொண்டு, அன்று அவர்கள் வாயிலைத் தட்டும் வாய்ப்புத் தாமே என்று அவர் கூறினார். தம் வாழ்வில் இருள் எவ்விதம் இருந்தது, வேறொருவர் கை வந்து தொட்டபின் அது எவ்விதம் மாறிற்று என்பதைச் சொன்னார். பின்னர் தம் வேண்டுகோளை வைத்தார். தடுக்கக்கூடிய காரணத்தால் எவரும் பார்வையிழக்கலாகாது. கண்ணும் காதும் இல்லாத குழந்தை எதுவும் கல்வியின்றி இருக்கலாகாது. பார்வையற்ற ஆணோ பெண்ணோ துணையின்றித் தவிக்கலாகாது. இவற்றிற்காக உழைக்க முன்வர வேண்டும் என்பதே அவர் கேட்டது.

சபை அவ்வேண்டுகோளை ஏற்றது. அன்றுமுதல் பார்வையற்றோருக்கான சேவை லயன்ஸ் கழகங்களின் தலையாய வேலையாயிற்று. பேசியவர் அச்சங்கத்தில் அங்கத்தினராயிருந்து வந்தவரல்லர் என்பதும் கவனிக்கத்தக்கது. பெண்களும் அங்கத்தினராகலாம் என்று அச்சங்கத்தார் விதியைத் திருத்தியது 1987-ல்தான். சங்கத்துக்குப் புறம்பேயிருந்த ஒரு பெண்மணியின் சொல்லே சங்கத்திற்கு வழிகாட்டியது.

அப்பேச்சு பலித்ததற்குரிய காரணங்கள் மூன்று. பேசியவர் தாம் அனுபவித்து அறிந்ததையே பேசினார். பொதுப்படையாக நன்மை செய்யுங்கள் என்று சொல்லாமல், இன்னார்க்கு இன்னது செய்யுங்கள் என்று கேட்டார். கேட்டவர்களோ, அதைத் தங்கள் வேலையாக ஏற்றுக் கொண்டு அவரவர் ஊருக்குத் திரும்பினார்கள். இம்மூன்றனுள் கடைசியானது இல்லாவிடில் முன்னிரண்டும் காற்றிற் கலந்திருக்கும்.

ஓர் ஊரில் நடந்தது

ஊருக்குத் திரும்பியவர்கள் செய்தது என்ன என்பதற்கு இல்லினாய் மாகாணத்திலுள்ள பியோரியா நகரம் சாட்சி கூறும். அவ்வூர் லயன்ஸ் கழகத்தின் தலைவரான ஜார்ஜ் பான்ஹம் என்பவர், பார்வையற்ற ஒருவர் தெருவைக் கடக்க முடியாமல் திகைத்து நிற்பதைக் கண்டார். அம்மனிதர் கையிலிருந்த கைத்தடி கறுப்பு நிறம். தெருவும் கறுப்பு நிறம். மோட்டார் ஓட்டுபவர்களின் கண்ணுக்குத் தடி தென்படவில்லை. தடிக்கு வெள்ளை வர்ணம் பூசி, சிவப்புப் பட்டை ஒன்றும் தீட்டினால் என்ன என்று அவர் யோசித்தார். கழகத்தார் அவ்விதமே தடிகள் செய்து பார்வையற்றோருக்கு வழங்கினார்கள்.

இத்துடன் அவர்கள் நின்றிருந்தால் வேலை பாதியில் நின்றிருக்கும். தடி வெள்ளையாக இருப்பதன் பொருள் வண்டி ஓட்டுபவனுக்குத் தெரிந்தாலன்றிப் பயனில்லை. ஆகவே, 1930 டிசம்பரில் நகரசபை ஒரு சட்டம் நிறைவேற்றியது. வெள்ளைத் தடியுடன் தெருவைக் கடப்பவருக்கு வழிவிட வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில், கண் பார்வையிழந்த ஜேம்ஸ் பிக்ஸ் என்பவர் 1921-லேயே தம் தடிக்கு வெள்ளை பூசிக் கொண்டார் என்பதும் சொல்லத்தக்கது. ஒரே எண்ணம் இரண்டு ஊர்களில் உதித்தது. எனினும், பியோரியாவில் அவ்வெண்ணத்தின் பின்னால் ஒரு சங்கம் நின்றபடியால் அது சட்டமாயிற்று. இந்தியாவில் மோட்டார் ஓட்டும் லைசென்ஸுக்கான பரீக்ஷையில், வெள்ளைத் தடியுடன் ஒருவர் கடக்கும்போது வண்டியை நிறுத்த வேண்டும் என்பது கேட்கப்படும் கேள்விகளில் ஒன்றாகும். அக்டோபர் 15-ந் தேதியை வெள்ளைக் கைத்தடி நாளாக அமெரிக்க நாட்டார் 1964-ல் ஏற்படுத்தினர்.

டிட்ராயிட் நகரத்து லயன்ஸ் அங்கத்தினர் மூவர், பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்குவதற்கு 1939-ல் ஒரு பள்ளியைத் தொடங்கினர். இவற்றில் எதுவும் பெரிய ராஜாங்கத் திட்டமாகத் தொடங்கவில்லை. ஊர்க் கழகத்தில் சில பேர் ஒரு குறையைக் கண்டு, அதற்குப் பரிகாரம் தேடினார்கள். அவ்வளவே.

மதுரையில் நடந்த வேலை

லயன்ஸ் கழகம் இந்தியாவில் 1956-ல் பம்பாயில் தொடங்கிற்று. ஹெலன் கெல்லர் அம்மையாரின் வேண்டுகோள் தமிழ் நாட்டுக் கிராமங்கள் வரை வந்து சேர்ந்த வழி மதுரையினூடே செல்கிறது.

டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள் 1918-ல் வடமலாபுரம் என்ற கிராமத்தில் குடியானவர் குடும்பத்தில் பிறந்தவர். வாலிபப் பருவத்தில் வந்த கீல்வாத நோய் அவருடைய விரல்களைக் கோணச் செய்துவிட்டது. அவ்விரல்களைக் கொண்டே ஆயுதம் பிடிக்கப் பழகி, கண் ரண சிகிச்சையில் அவர் தேர்ச்சி பெற்றார். அரசாங்க உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்றதும், 1976-ல் பதினொரு படுக்கைகளுடன் மதுரையில் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார். வெளிநாடுகளிலும் இந்நாட்டிலும் உள்ள கண் வைத்தியசாலையாருக்குப் பயிற்சி அளிக்கும் ஸ்தாபனம் ஒன்று 1992-ல் அங்கே ஏற்பட்டபோது, லயன்ஸ் சங்கத்தாரின் பொருளுதவி அதற்குக் கிடைத்தது. அதன் பெயரிலேயே லயன்ஸ் என்ற சொல் இடம் பெற்றிருக்கிறது.

வயதானவர்களின் பார்வையைப் பறிக்கும் காரணங்களில் முதன்மையானது கண்புரை. கண்மணிக்குப் பின்னாலுள்ள தெளிந்த வில்லை பால் போல் மங்கிவிடுவதே புரை எனப்படும். சொட்டு மருந்தாலோ பச்சிலைச் சாற்றாலோ அது நீங்காது. கண்ட சாற்றைக் கண்ணில் பிழிவதால் கருவிழியில் புண் உண்டாகி, இருக்கும் பார்வையும் போகக்கூடும். மங்கிய வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லையை வைக்கும் ரண சிகிச்சை ஒன்றே வழி. அது சிறிது நேரத்தில் முடியக்கூடியது.

இச்சிகிச்சையைக் கிராமத்தாருக்கு எட்டச் செய்வதற்காகவே கண் முகாம்கள் ஏற்பட்டன. முகாமின் பொறுப்பு இரு பங்காகப் பிரிக்கப்படுகிறது. வைத்தியப் பரிசோதனையும் சிகிச்சையும் ஆஸ்பத்திரியைச் சேர்ந்தவை. இடம், நிழல், குடிநீர், விளம்பரம், கூட்டத்தை ஒழுங்குபடுத்துதல் ஆகியவை உள்ளூர்ச் சங்கத்தைச் சேர்ந்தவை. லயன்ஸ் கழகமும் ரோட்டரிக் கழகமும் இப்பங்கைப் பல ஊர்களில் ஏற்று நடத்தி வருகின்றன. சிகிச்சை வேண்டியவர்களை அன்றே பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்று, சிகிச்சையும் உணவும் இலவசமாக அளித்து, மீண்டும் ஊரில் கொண்டுவந்து விடுகிறார்கள்.

வராமற் போனவர்கள்

இவ்வளவு ஏற்பாடு இருந்தும் ஒரு குறை வெளிப்பட்டது. தமிழ் நாட்டுக் கிராமங்களில் நடத்தி 1999-ல் வெளியிடப்பட்ட ஓர் ஆராய்ச்சியில், முகாமினால் பயன் பெறக்கூடிய நிலையிலிருந்தவர்களில் நூற்றுக்கு 7 பேரே முகாமிற்கு வந்ததாகத் தெரிய வந்தது. மற்றவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். பயம், செலவு, வீட்டுப் பொறுப்பு முதலியவை அவர்களைத் தடுத்தன.

இதை எண்ணிப் பார்க்க வேண்டும். விருந்தினர் பேசியாயிற்று. டாக்டர்கள் வந்தாயிற்று. பஸ்ஸும் நிற்கிறது. ஆனால் கடைசி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மூதாட்டி வரவில்லை. வயதானால் கண் மங்குவது இயல்புதானே என்று அவள் நினைக்கிறாள். ஆட்டைப் பார்த்துக் கொள்ள ஆளில்லை. மகன் கூட வந்தால் அவனுடைய ஒரு நாட் கூலி போய்விடும். இலவச சிகிச்சை என்று தண்டோராப் போட்டதனால் இத்தடைகள் நீங்குவதில்லை. பட்டணத்துக் கழகத்தாருக்கு அம்மூதாட்டியின் பெயர் தெரியாது; அவள் வீட்டு ஆட்டைப் பற்றியும் தெரியாது.

அரவிந்த் ஆஸ்பத்திரியார் 2004 முதல் கிராமப் புறங்களில் நிரந்தரமான சிறு பார்வை நிலையங்களை அமைத்து, அங்கிருந்தே தூரத்திலுள்ள டாக்டருடன் கலந்து பேச வசதி செய்தார்கள். அது ஒரு பரிகாரம். மற்றொரு பரிகாரம் கூட்டுறவுச் சங்கத்தாரின் கையில் இருக்கிறது. அங்கத்தினர் ஜாபிதா அவர்களிடம் இருக்கிறது. எந்த வீட்டில் யார் இருக்கிறார், யாருக்கு எத்தனை மாடு, எவருக்கு எப்போது அறுவடை என்பதெல்லாம் பஞ்சாயத்தார் அறிந்த விஷயங்கள். பட்டணத்துக் கழகத்தினிடம் பணமும் தொடர்பும் உண்டு. கிராமச் சங்கத்தினிடம் அறிமுகமும் நம்பிக்கையும் உண்டு. இவ்விரண்டும் சேரும்போதே அந்த மூதாட்டி பஸ்ஸில் ஏறுவாள்.

சங்கத்தார் செய்யத்தக்கவை

கூட்டுறவு இயக்கத்திற்குக் கல்வி புதிதன்று. இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் 28 பேர் சேர்ந்து 1844-ல் கடை திறந்தார்கள். பிற்பாடு அவர்கள் தங்கள் லாபத்தில் நூற்றுக்கு 2½ பங்கைக் கல்விக்கென்று ஒதுக்கி, வாசகசாலையும் நடத்தினார்கள். கடையும் வாசகசாலையும் ஒரே சங்கத்தின் இரு கைகளாயிருந்தன. அவ்வழியைப் பின்பற்ற விரும்பும் சங்கங்களுக்குச் சில யோசனைகள் உதவியாகலாம்.

முதலாவது, விருந்தினரை அவருடைய புகழுக்காக அழையாமல், ஊரின் குறைக்குத் தக்கபடி அழைக்க வேண்டும். மாட்டுக்கு நோய் கண்டிருக்கையில் கால்நடை வைத்தியரையும், பயிரில் பூச்சி விழுந்திருக்கையில் விவசாய உத்தியோகஸ்தரையும், கண் முகாம் நடத்துவதாயின் கண் வைத்தியரையும் அழைக்கலாம். அயலூர்ச் சங்கத்தின் காரியதரிசியும், பிரசவ காலத்தில் உதவும் நர்ஸும், சிகிச்சை செய்துகொண்டு பார்வை பெற்ற உள்ளூர்க் கிழவரும் விருந்தினராகத் தகுந்தவர்களே. அக்கிழவரின் ஐந்து நிமிஷப் பேச்சு பயத்தைப் போக்குவது போல் வேறெதுவும் போக்காது.

இரண்டாவது, ஊரின் நிலைமையை விருந்தினருக்கு முன்கூட்டியே எழுதித் தெரிவித்து, பேச்சின் முடிவில் இச்சங்கம் செய்யக்கூடிய ஒரு காரியத்தைக் குறிப்பிடும்படி கேட்டுக் கொள்ள வேண்டும். அரை மணிக்கு மேல் பேச்சு நீளாமலிருப்பது நலம். மிகுதிக் காலம் கேள்விகளுக்கு உரியது. பெண்களும் வந்து கேட்பதற்கு இசைவான வேளையைக் குறிக்க வேண்டும்.

மூன்றாவது, கூட்டம் கலைவதற்கு முன்பே தீர்மானம் செய்துவிட வேண்டும். என்ன வேலை, யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் நடவடிக்கைப் புஸ்தகத்தில் எழுதப்பட வேண்டும். கண் முகாமாயின், ஒவ்வொரு தெருவுக்கும் ஒருவர் பொறுப்பேற்றுப் பார்வை குன்றியவர்களின் பெயரை எழுதி வருவது, உடன் செல்ல ஆள் ஏற்பாடு செய்வது, வீட்டில் ஆடு மாட்டைக் கவனிக்க அண்டை வீட்டாரைக் கேட்டுக் கொள்வது ஆகியவை அத்தீர்மானத்தில் அடங்கும். உடன் செல்பவருடைய கூலி நஷ்டத்தை ஈடுசெய்ய, உபவிதிகள் இடங்கொடுக்கும் அளவில், பொதுநல நிதியிலிருந்து சிறு தொகை உதவலாம்.

நான்காவது, அடுத்த கூட்டத்தில் புது விருந்தினரைப் பேச விடுமுன், சென்ற கூட்டத்துத் தீர்மானம் எவ்வளவு நிறைவேறியது என்பதைக் காரியதரிசி படிக்க வேண்டும். எத்தனை பேர் பெயர் எழுதப்பட்டது, எத்தனை பேர் சென்றார்கள், எத்தனை பேர் செல்லவில்லை, ஏன் செல்லவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கடன் பாக்கியைக் கணக்குப் பார்ப்பது போலவே இதையும் பார்க்க வேண்டும். செல்லாதவர்களின் வீட்டிற்கு மறுபடியும் போக வேண்டும்.

சபையோர்களே, ஹெலன் கெல்லர் அம்மையார் தம் பேச்சைக் கேட்டவர்களின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்களுடைய கைதட்டலும் அவர் காதில் விழவில்லை. அவர் கேட்டதெல்லாம் அதன் பின்பு நடக்க வேண்டிய வேலையையே. கிராமச் சங்கத்திற்கு வரும் விருந்தினர் எவராயினும், அவருக்குச் செய்யத்தக்க உண்மையான வந்தனோபசாரம் அதுவே. அடுத்த முறை அவர் அவ்வூருக்கு வரும்போது, கடைசி வீட்டு மூதாட்டி தானாகவே நடந்து வந்து அவருடைய பேச்சைக் கேட்பாளாயின், அந்தச் சங்கம் தன் கடமையைச் செய்தது என்று சொல்லலாம்.